அறுபது டிகிரி மழை

2024 அக்டோபர் 16 அன்று பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் இந்தியா–நியூசிலாந்து டெஸ்ட் தொடங்கியிருக்க வேண்டும். மழை விடவில்லை. டாஸ் கூடப் போடாமல் அன்றைய ஆட்டத்தைக் கைவிட்டார்கள். ஆடுகளத்தைத் தார்ப்பாய் மூடியிருந்தது. புல்லுக்கு அடியில் அதைவிடப் பெரிய ஏற்பாடு ஒன்று இருந்தது. 2015 நவம்பரில் இதே மைதானத்தில் தென்னாப்பிரிக்காவுடன் ஆடிய டெஸ்டில், முதல் நாளுக்குப் பிறகு ஒரு பந்துகூட வீச முடியாமல் போனது. அதற்குப் பிறகு, 2017இல், நிலத்தடிக் குழாய்கள் வழியே தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றும் ‘சப்ஏர்’ அமைப்பை இங்கே பொருத்தினார்கள். கிரிக்கெட் மைதானம் ஒன்றுக்கு இந்த வசதி வந்தது உலகிலேயே அதுதான் முதல்முறை. அக்டோபர் 17 அன்று மேகம் கவிந்த வானத்தின் கீழ் ஆட்டம் நடந்தது. இந்தியா 46 ரன்னுக்குச் சுருண்டது. சொந்த மண்ணில் இந்திய அணி எடுத்த மிகக் குறைந்த ஸ்கோர் அது.

இப்படிப்பட்ட நாள்களைப் படமாக்குகிறவர்கள் எல்லைக்கோட்டுக்கு வெளியே, தலைக்கு மேல் கூரையில்லாமல், 400 அல்லது 600 மி.மீ. லென்ஸ் மாட்டிய கேமராவோடு உட்கார்ந்திருப்பவர்கள். அந்த லென்ஸ் ஒன்றின் விலையில் ஒரு கார் வாங்கலாம். மைதானத்துக்குள் இறங்கிய தண்ணீரை உறிஞ்சி எடுக்கக் குழாய் உண்டு. கேமராவுக்குள் இறங்கிய தண்ணீருக்கு அப்படி எதுவும் கிடையாது. அதனால் தண்ணீர் எந்த வழியில் உள்ளே போகிறது என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது. பலரும் நினைக்கிற வழியில் அது போவதில்லை. மேலிருந்து கொட்டும் மழையைவிட, மெல்லிய இடுக்கில் தானாக ஏறும் தண்ணீரும், காற்றோடு கலந்து நுழையும் ஈரமும், மழை விட்டபிறகு அவசரத்தில் நாம் செய்யும் காரியங்களும்தான் அதிகக் கேமராக்களைக் கெடுக்கின்றன என்பது என் முடிவு.

முதலில் மழையைப் பார்ப்போம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 970 மி.மீ. சென்னையில் இதைவிட அதிகம் பெய்கிறது. ஆனால் சென்னையின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வந்துவிடும். பெங்களூருக்கு ஏப்ரல், மே மாதங்களில் இடிமழை, ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை என்று ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருக்கும். செப்டம்பரும் அக்டோபரும் உச்சம். மார்ச்–ஏப்ரல் பௌர்ணமி இரவில் திகளரப்பேட்டை தர்மராயசுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படும்போதும் வானம் இருட்டலாம். லால்பாக்கின் ஆகஸ்ட் மலர்க்காட்சி நடப்பதே மழைக்காலத்தில். மழைக்குப் பயந்து கேமராவை அலமாரியில் வைத்துவிட்டால் இந்த ஊரில் பாதி வருடம் படமே எடுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. கோடையில் இங்கே மதியம்வரை வெயில் காய்ந்து, தரை சூடேறி, அந்தச் சூட்டில் மேலெழும் ஈரக்காற்று சாயங்காலம் மேகமாகத் திரண்டு கொட்டும். கப்பன் பார்க்கில் மூன்று மணிக்கு நிழல் தேடிக்கொண்டிருந்தவர் ஐந்து மணிக்குச் சொட்டச் சொட்ட நனைந்திருப்பார். காலை வானத்தைப் பார்த்துவிட்டு ரெயின் கவரை வீட்டிலேயே விட்டுப் போவது இந்த ஊருக்குச் சரிவராது.

எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்பதைக் கணக்குப் போட்டால் திகைப்பாக இருக்கும். ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். நீளமான லென்ஸ் மாட்டிய கேமரா மேலிருந்து பார்க்கும்போது 15 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 மி.மீ. வேகத்தில் அடிக்கும் மழையில் அரை மணி நேரம் நின்றால் அதன்மேல் ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுந்திருக்கும். 2022 செப்டம்பர் 5 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் பெங்களூரில் 131.6 மி.மீ. பதிவானது. வெளிவட்டச் சாலையும் யெமலூரும் மூழ்கி, ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போன வாரம் அது. அந்த ஒரு நாள் மழை முழுவதையும் ஒரு கேமரா வாங்கியிருந்தால், கிட்டத்தட்ட ஆறு லிட்டர்.

இவ்வளவும் வழிந்து கீழே போய்விட்டால் பிரச்சினை இல்லை. விழுகிற வேகமும் கோணமும்தான் விஷயத்தைச் சிக்கலாக்குகின்றன.

துளி எப்படி விழுகிறது

1949இல் ராஸ் கன், கில்பர்ட் கின்சர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், அசைவற்ற காற்றில் துளிகள் விழும் வேகத்தை அளந்து வெளியிட்டார்கள். இன்றும் வானிலை நூல்கள் அந்த எண்களையே எடுத்தாளுகின்றன. ஒரு மி.மீ. விட்டமுள்ள துளி நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் விழுகிறது. இரண்டு மி.மீ. துளிக்கு ஆறரை மீட்டர். ஐந்து மி.மீ. துளிக்கு ஒன்பது மீட்டர். அதற்கு மேல் பெரிதாகிற துளி அடிப்பக்கம் தட்டையாகி, காற்று அமுக்குவதில் உடைந்து சிதறிவிடும். ஆகவே மழையின் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு.

இப்போது காற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாத இடிமழைக்கு முன்னால் பெங்களூரில் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு காற்று வரும். மரக்கிளை முறிவது அதில்தான். மணிக்கு 40 கி.மீ. என்று மிதமாகவே வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 11 மீட்டர். ஆறரை மீட்டர் வேகத்தில் கீழே விழும் துளியை 11 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் தள்ளினால் என்ன ஆகும்? செங்குத்திலிருந்து கிட்டத்தட்ட 60 டிகிரி சாய்ந்து வரும். அதைவிடச் சிறிய துளி இன்னும் சாய்ந்து, ஏறக்குறைய தரைக்கு இணையாகவே வரும். குடை ஏன் பயன்படுவதில்லை என்பது இப்போது புரியும். குடை மேலே இருக்கிறது, மழை பக்கத்திலிருந்து வருகிறது.

இந்த 60 டிகிரி முக்கியமான எண். போன் வாங்கும்போது பெட்டியில் ‘ஐபி’ என்ற எழுத்துகளையும் இரண்டு எண்களையும் பார்த்திருப்பீர்கள். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529ஆம் தரநிலை அது. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தண்ணீர் எண் 3 என்றால், செங்குத்திலிருந்து 60 டிகிரிவரை சாய்ந்து வரும் தெளிப்பைத் தாங்கும் என்று பொருள். 4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 2022இல் வந்த ஓஎம் சிஸ்டம் பிராண்டின் ஓஎம்-1 கேமரா ஐபி53 தரம் பெற்றது. லென்ஸ் மாற்றும் கேமராக்களில் இப்படி எண்ணோடு வாக்குக் கொடுப்பவை மிகச் சில. அந்த எண்ணும் அதே தரமுள்ள லென்ஸை மாட்டினால்தான் செல்லும். மற்ற பெரும்பாலான கேமராக்களின் விளம்பரத்தில் ‘வெதர் சீல்டு’ என்ற வார்த்தை மட்டும் இருக்கும். எத்தனை நிமிடம், எந்தக் கோணம், எவ்வளவு தண்ணீர் என்ற விவரம் இருக்காது. தண்ணீர் புகுந்து பழுதானால் வாரண்டி பொதுவாக அதை ஏற்பதும் இல்லை. நிறுவனங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்க வேண்டும். லட்சக்கணக்கில் பணம் கொடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு.

எண் உள்ள கேமராவுக்கும் ஆய்வகச் சோதனை புதிய கருவியில், நல்ல தண்ணீரில், சில நிமிடங்கள் நடக்கிறது. சோதனையின்போது யாரும் ஜூம் வளையத்தைத் திருகுவதில்லை, கார்டு மாற்ற மூடியைத் திறப்பதில்லை. கேமராவின் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் வருடங்கள் ஆக ஆக இறுகி, அமுங்கிய வடிவத்திலேயே நின்றுவிடும். ஐந்தாறு வருடம் உழைத்த கேமராவை அது புதிதாக இருந்தபோது பெற்ற எண்ணை நம்பி மழையில் நிறுத்தக் கூடாது.

துளி மோதும் அழுத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். 40 கி.மீ. காற்றோடு வரும் துளியின் மொத்த வேகம் நொடிக்கு 13 மீட்டரை நெருங்குகிறது. அது நேராக மோதும் இடத்தில் ஏற்படும் அழுத்தம், எட்டு மீட்டர் ஆழத் தண்ணீருக்குள் இருப்பதற்குச் சமம். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது என்பதால் கேமரா பிழைக்கிறது. ஆனால் மோதும் இடம் ஒரு மூடியின் விளிம்பாக இருந்தால், அந்தக் கணத்தில் கொஞ்சம் தண்ணீர் இடுக்குக்குள் தள்ளப்பட்டுவிடும். அதற்குப் பிறகு உள்ளே இழுக்கும் வேலையை இடுக்கே பார்த்துக்கொள்ளும்.

இடுக்கில் ஏறும் தண்ணீர்

எண்ணெய் விளக்கின் திரி எப்படி எண்ணெயை மேலே இழுக்கிறதோ, அப்படியே கேமராவின் இடுக்குகள் தண்ணீரை இழுக்கின்றன. தண்ணீருக்குத் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளும் இழுவிசை உண்டு. கண்ணாடி, உலோகம் போன்றவற்றில் ஒட்டிக்கொள்ளும் குணமும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் மெல்லிய இடைவெளியில் அது புவியீர்ப்பை எதிர்த்தே ஏறும். 0.1 மி.மீ. இடைவெளியுள்ள இரண்டு சுத்தமான கண்ணாடித் தகடுகளை நிறுத்தி அடியில் தண்ணீரைத் தொட்டால், கிட்டத்தட்ட 15 செ.மீ. உயரத்துக்கு ஏறிவிடும். பெரும்பாலான கேமராக்களின் மொத்த உயரமே அவ்வளவு இருக்காது.

ஆகவே இடுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது தண்ணீருக்குப் பொருட்டே இல்லை. ஃபிளாஷ் மாட்டும் இடம், பேட்டரிக் கதவு, கார்டுக் கதவு, மைக் மற்றும் யுஎஸ்பி துளைகளின் ரப்பர் மூடிகள், லென்ஸும் கேமராவும் சேரும் வளையம் என எங்கே தண்ணீர் தேங்கி நின்றாலும் அது உள்ளே போக முயலும். ஈரமான புல்லில் கேமராவை வைத்தால் அடிப்பக்கத்திலிருந்தே ஏறும். நல்ல லென்ஸ்களின் பின்பக்கத்தில், உலோக வளையத்தைச் சுற்றி மெல்லிய ரப்பர் விளிம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கையில் எடுத்துத் தடவினால் தெரியும். அந்த இடுக்கை அடைப்பதற்காகத்தான் அது. கேனானின் சில எல் வகை லென்ஸ்களுக்கு முன்பக்கம் ஃபில்டர் மாட்டினால்தான் தடுப்பு முழுமையடையும் என்று அந்நிறுவனமே சொல்கிறது. ‘சீல்டு’ என்ற சொல்லை நம்பி ஃபில்டர் இல்லாமல் மழையில் நிற்பவர்கள் ஏராளம்.

தண்ணீர் ஒட்டாத பரப்பில் இந்த விதி தலைகீழாகும். மெழுகு, சிலிக்கோன், ஃபுளோரின் பூச்சு போன்றவற்றில் தண்ணீர் உருண்டு நிற்கும். அப்படிப்பட்ட இடுக்குக்குள் அது தானாக ஏறாது, தள்ளித்தான் ஏற்ற வேண்டும். புது லென்ஸ்களின் முன்கண்ணாடியில் ஃபுளோரின் பூசுவதற்குப் பின்னால் இருப்பது இதே இயற்பியல்தான்.

ஜூம் லென்ஸுக்குத் தனி ஆபத்து உண்டு. திருகும்போது நீளும் லென்ஸின் உள்ளே கொள்ளளவு கூடுகிறது. கூடிய இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் அந்தக் காற்று கிட்டத்தட்ட முழு ஈரத்தோடு இருக்கும். நீட்டிய குழலின்மேல் துளிகள் படிந்திருக்கும்போது அப்படியே சுருக்கினால், அந்தத் தண்ணீரையும் சேர்த்து உள்ளே அனுப்புகிறோம். மழையில் ஒரே குவியத் தூரத்தில் நின்று எடுப்பது நல்லது. ஜூம் செய்தே ஆக வேண்டுமென்றால், சுருக்கும் முன் குழலை ஒரு துவாலையால் ஒற்றிவிடுங்கள். ஒற்ற வேண்டும், தேய்த்தால் தண்ணீர் இடுக்கை நோக்கித்தான் போகும்.

மின்சாரம் இருக்கும்போதுதான் கெடுதல்

தண்ணீர் பட்டவுடன் மின்னணுப் பலகை செத்துவிடுவதில்லை. தூய நீர் மின்சாரத்தைக் கடத்துவது மிகக் குறைவு; மழைநீரும் பெரிய கடத்தி இல்லை. ஆனால் பலகைமேல் இருக்கும் தூசி, கை வியர்வையின் உப்பு எல்லாம் கரைந்ததும் கதை மாறுகிறது. கேமரா பேட்டரியின் மின்னழுத்தம் பொதுவாக 7.2 வோல்ட். தண்ணீரைப் பிரிக்க 1.23 வோல்ட் போதும். அருகருகே ஓடும் இரண்டு செப்புத் தடங்களுக்கு நடுவே ஒரு துளி உட்கார்ந்து, இரண்டுக்கும் இடையில் மின்னழுத்தமும் இருந்தால், ஒரு தடத்திலிருந்து செம்பு கரைந்து, துளி வழியே நகர்ந்து, எதிர்த்தடத்தில் மெல்லிய கிளைகளாகப் படியும். கிளை வளர்ந்து முதல் தடத்தைத் தொட்ட கணத்தில் ஷார்ட் சர்க்யூட். நுண்ணோக்கியில் பார்த்தால் இலையில்லாத மரம்போல நிற்கும் அந்தக் கிளைகளைப் பழுது பார்ப்பவர்கள் நன்றாக அறிவார்கள்.

ஆகவே கேமரா நனைந்துவிட்டது என்று தெரிந்தால், ‘வேலை செய்கிறதா’ என்று ஆன் செய்து பார்ப்பதுதான் மிகக் கெட்ட யோசனை. சுவிட்சை அணைப்பதோடு நிற்காமல் பேட்டரியைக் கழற்றுங்கள். மின்னழுத்தம் இல்லாத பலகையில் தண்ணீர் நின்றால் அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும். காயவைக்க நமக்கு அவகாசம் கிடைக்கும்.

2022இல் தெருவில் தேங்கியதைப் போன்ற தண்ணீர் வேறு ரகம். சாக்கடையும் எண்ணெயும் மண்ணும் கலந்தது. அதில் விழுந்த கேமராவைக் காயவைத்தால் மட்டும் போதாது, கரைந்த உப்புகள் பலகையில் படிந்து அடுத்த ஈரத்துக்காகக் காத்திருக்கும். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். அப்படி விழுந்த கேமராவை வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் அன்றே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். கடற்கரையில் அலை தெறித்த கேமராவுக்கும் இதே கதிதான்.

பேட்டரியே தேவைப்படாத கேமராக்களின் காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள், தமிழில் இயற்கையைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் போன்றவர்கள் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் காட்டுயிர்களைப் பதிவுசெய்த தலைமுறை. இயந்திர ஷட்டர் நனைந்தால் பிரித்துத் துடைத்து எண்ணெய் போடலாம். அவர்களின் கவலை ஃபிலிமைப் பற்றியது. அதன்மேல் இருக்கும் ஜெலட்டின் ஈரத்தில் ஊதும், பூஞ்சைக்கு அது நல்ல உணவும்கூட. தண்ணீருக்குள்ளேயே போகக்கூடிய கேமராவும் அந்தக் காலத்தில் பிறந்ததுதான். கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவின் குழுவுக்காக உருவான ‘கலிப்ஸோ’வை நிக்கான் ஏற்று, 1963இல் ‘நிக்கோனோஸ்’ ஆக்கியது. ஒவ்வொரு இணைப்பிலும் கிரீஸ் தடவிய ரப்பர் வளையம், ரகசியம் அவ்வளவுதான்.

பாலிதீன் கவர் போதும், ஆனால்

கடையில் நல்ல ரெயின் கவர்கள் கிடைக்கின்றன. இருந்தாலும் என் பரிந்துரை எளிமையானது: பெரிய, கனமான, ஒளி ஊடுருவும் பாலிதீன் கவர் ஒன்று, இரண்டு ரப்பர் பேண்டு, ஒரு கத்தரிக்கோல். கவரின் ஒரு பக்கத்தில் லென்ஸ் ஹூட் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, ஹூட்டின் விளிம்புக்குச் சற்றுப் பின்னால் ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். வ்யூஃபைண்டருக்கு இன்னொரு ஓட்டை. கவரின் வாய் கீழ்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். உங்கள் கைகள் அந்த வழியாக உள்ளே போகும். எல்லாப் பக்கமும் இறுக்கிக் கட்டினால் உள்ளங்கையின் சூட்டிலும் வியர்வையிலும் கவருக்குள்ளேயே நீராவி சேர்ந்து, அது கேமராமேல் படியும். மழையைத் தடுத்துவிட்டு உள்ளுக்குள் ஒரு மழையை உண்டாக்கிக்கொள்வதில் அர்த்தமில்லை.

ஹூட்டை மாட்ட மறக்காதீர்கள். வெயிலுக்காக என்று பலரும் நினைக்கும் அந்தப் பிளாஸ்டிக் வளையம்தான் முன்கண்ணாடிக்கு மலிவான கூரை. டெலி லென்ஸின் ஹூட் நீளமானது என்பதால் சாய்ந்து வரும் மழையிலும் நிறையத் தடுக்கும். அகலக்கோண லென்ஸின் ஹூட் குட்டையானது, அதனால் அதிகம் எதிர்பார்க்க முடியாது. காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பதுதான் வழி. கண்ணாடியில் துளி விழுந்துவிட்டால் முதலில் புளோயரால் ஊதித் தள்ளி, பிறகுதான் மைக்ரோஃபைபர் துணியைத் தொட வேண்டும். துணி நனைந்தபின் அது தண்ணீரைப் பரப்பும், எடுக்காது. ஆகவே பாக்கெட்டுக்கு ஒன்றாகச் சில துணிகள் இருக்கட்டும்.

தொடுதிரையை அணைத்துவிடுங்கள். விரல் தொடும்போது மாறும் மின்தேக்கத்தை உணர்ந்து வேலை செய்வது அது. மழைத்துளியும் அதே மாற்றத்தை உண்டாக்கும் என்பதால் கேமரா தன்போக்கில் ஃபோகஸ் புள்ளியை நகர்த்திக்கொண்டிருக்கும்.

இவ்வளவு சிரமப்பட்டு மழையில் நிற்பதன் பலன் படத்தில் தெரிய வேண்டும் அல்லவா? ஷட்டர் வேகத்தை வைத்து மழையை வரையலாம். ஆறரை மீட்டர் வேகத்தில் விழும் துளி, 1/500 நொடியில் 13 மி.மீ. நகரும், படத்தில் சின்னக் கீற்றாக நிற்கும். 1/30 நொடியில் 20 செ.மீ.க்கு மேல் நகர்ந்து நீண்ட கோடாகும். பின்னால் ஒரு தெருவிளக்கோ, பஸ்ஸின் முகப்பு விளக்கோ இருந்தால் கோடு பளிச்சென்று எழும். சிவாஜிநகரிலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ மழைக்கால சாயங்காலம் ஏழு மணிக்கு இதற்குக் குறைவே இல்லை.

இடிமழையில் மட்டும் வேறு விதி. மின்னல் வெட்டியதற்கும் இடி கேட்பதற்கும் நடுவே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கி.மீ.க்குள் இருக்கிறது. அப்போது திறந்த மைதானத்திலும் ஏரிக்கரையிலும் மொட்டை மாடியிலும் டிரைபாடோடு நிற்கக் கூடாது. கேமராவைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

தண்ணீரே படாமல் நனைவது

ஏசி ஓடும் கேப்பிலிருந்து இறங்கியதும் லென்ஸைப் பனி மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். காற்று 27 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருந்தால், அதன் பனிநிலை சுமார் 23 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். 20 டிகிரி காரிலிருந்து வந்த கேமரா அப்படிப்பட்ட பரப்புதான். சென்னையில் இது இன்னும் மோசம்: 32 டிகிரி, 75 விழுக்காடு என்றால் பனிநிலை 27. அங்கே ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த எந்தக் கேமராவும் வியர்க்கும். குளிர்ந்த இடத்திலிருக்கும்போதே கேமராவை ஜிப்லாக் கவரில் போட்டு மூடி, வெளியே வந்தபிறகு அது சூடேறும்வரை காத்திருந்து திறந்தால் நீர் கவரின்மேல் படியும், கேமராவில் படியாது. அரை மணி நேரம் ஆகும். பெரிய லென்ஸுக்கு இன்னும் அதிகம்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். மழையில் நின்று, உள்ளே ஈரக்காற்று சேர்ந்துவிட்ட லென்ஸைக் குளிர்ந்த அறைக்குள் கொண்டுபோனால், முன்கண்ணாடியின் உட்பக்கம் பனி படியும். அதைத் துடைக்க முடியாது. ரப்பர் வளையங்கள் வெளித்தண்ணீரைத் தடுப்பதைப் போலவே உள்ளே இருக்கும் நீராவி வெளியேறுவதையும் தாமதப்படுத்தும் என்பதால், நல்ல சீல் உள்ள கேமரா காய அதிக நேரம் எடுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த பருத்தித் துவாலையால் ஒற்றி எடுத்து, பேட்டரியையும் கார்டையும் கழற்றி, எல்லா ரப்பர் மூடிகளையும் திறந்து, சீலிங் ஃபேனுக்குக் கீழே வையுங்கள். ஆவியாகிற நீரை அடித்துச் செல்ல ஓடும் காற்றைவிடச் சிறந்தது இல்லை. ஹேர் டிரையரின் சூடு பசையையும் உயவுக் கொழுப்பையும் இளக்கும். அதன் காற்று தண்ணீரை உள்ளே தள்ளும். அரிசி மூட்டைக்குள் புதைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். அரிசி ஈரத்தை உறிஞ்சுவது மிக மெதுவாக. அதன் மாவுத்தூள் துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்வதுதான் மிச்சம்.

காயவே காயாத இடங்களும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர்வரை பெங்களூரிலிருந்து இரவு பஸ் பிடித்து மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள ஆகும்பே போகும் படக்காரர்கள் நிறைய. ஆண்டுக்கு ஏழாயிரம் மி.மீ.க்கு மேல் பெய்யும் ஊர். ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கர் 2005இல் மழைக்காட்டு ஆய்வு நிலையம் தொடங்கிய இடம். மழைக்காலத்தில்தான் மலபார் பறக்கும் தவளை இலைகளில் நுரைக்கூடு கட்டும். அதைப் பார்க்க மழை இரவில் காட்டில் நின்றே ஆக வேண்டும். அங்கே காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் நூறை ஒட்டியே இருக்கும். ஃபேன் போட்டாலும் ஈரக்காற்றுதான் சுற்றும்.

இதற்கு மலைநாட்டில் ஒரு பழைய வழி இருந்தது: மரப்பெட்டிக்குள் ‘ஜீரோ வாட்’ பல்பு. பெயர் அப்படி இருந்தாலும் பழைய இழை பல்பு 15 வாட் அளவுக்கு மின்சாரம் எடுத்துச் சூடாகும். 22 டிகிரியில் 95 விழுக்காடு ஈரத்தோடு இருக்கும் காற்றை 27 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு துளி ஈரத்தையும் வெளியேற்றாமலே ஈரப்பதம் 70க்கு இறங்கும். 30 டிகிரிக்குக் கொண்டுபோனால் 60க்குக் கீழே போகும். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும் என்பதுதான் காரணம். இப்போது அதே பெயரில் விற்கும் எல்ஈடி பல்பு சூடே ஆகாது. பெட்டிக்குள் அது வெளிச்சம் மட்டும்தான் தரும்.

ஈரப்பதத்தை இப்படி இறக்குவது பூஞ்சைக்குப் பயந்துதான். ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால், காற்றில் எப்போதும் இருக்கும் வித்துகள் லென்ஸுக்குள் முளைக்கும். கண்ணாடி அவற்றுக்கு உணவல்ல. அதன்மேல் படிந்த தூசியும் கைரேகைக் கொழுப்பும்தான் உணவு. ஆனால் வளரும் இழைகள் சுரக்கும் அமிலங்கள் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். பூஞ்சையைச் சுத்தம் செய்துவிடலாம், அரித்த தடம் அப்படியே இருக்கும். பெங்களூரின் ஆகஸ்ட், செப்டம்பர் காலைகளில் ஈரப்பதம் 85ஐத் தொடும். தோல் பையில் மூடிவைத்த லென்ஸுக்கு அதைவிட ஆபத்தான இடம் இல்லை. தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மழை ஓய்ந்ததும் டிசம்பரில் ஒருமுறை, லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். பூஞ்சை இருந்தால் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் போகும் மெல்லிய வெள்ளை இழைகள் தெரியும். ஆரம்பத்திலேயே பிடித்தால் பூச்சைக் காப்பாற்ற முடியும்.

எலக்ட்ரானிக் டிரை கேபினெட் வாங்க முடிந்தவர்கள் 40க்கும் 50க்கும் நடுவே வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். மற்றவர்களுக்கு ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஒரு கிராம் ஜெல்லின் நுண்துளைகளுக்குள் 500 சதுர மீட்டருக்கும் அதிகமான பரப்பு இருக்கிறது. நீர் மூலக்கூறுகள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. நிறம் மாறும் வகையை வாங்குங்கள். நீலம் இளஞ்சிவப்பாகவோ, ஆரஞ்சு பச்சையாகவோ மாறினால் நிறைந்துவிட்டது என்று பொருள். நீல வகையில் இருக்கும் கோபால்ட் குளோரைடு உடலுக்கு நல்லதல்ல என்பதால் ஆரஞ்சை எடுப்பது மேல். ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் ஓரிரு மணி நேரம் சூடாக்கினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். சமையலுக்குப் பயன்படுத்தாத தட்டில் வையுங்கள். ஆறியபிறகே டப்பாவில் போட வேண்டும். கூடவே சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்றையும் வைத்து, முள் 60ஐத் தாண்டுகிற அன்றே ஜெல்லை மாற்றிவிடுங்கள்.